வேதத்தைக் கேட்டவர்களும் வாசித்தவர்களும்

வெளிப்படுத்தின விசேஷம் முதல் அதிகாரம், மூன்றாம் வசனம் இப்படிச் சொல்கிறது: “இந்தத் தீர்க்கதரிசன வசனங்களை வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும், இதில் எழுதியிருக்கிறவைகளைக் கைக்கொள்ளுகிறவர்களும் பாக்கியவான்கள்.” வாசிக்கிறவன் ஒருவன். கேட்கிறவர்கள் பலர். தான் எழுதியது மக்களிடம் எப்படிப் போய்ச் சேரும் என்று எழுதியவர் எதிர்பார்த்தாரோ, அது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. ஒருவர் எழுந்து நின்று உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கூடியிருந்து கேட்பார்கள்.

இன்று ஒரு விசுவாசியிடம் இன்னொருவர் “தினமும் வேதம் வாசிக்கிறீர்களா?” என்று கேட்பது சாதாரணம். அந்தக் கேள்விக்குள் பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. கேட்கப்படுபவருக்கு எழுத்து தெரியும். அவரிடம் சொந்தமாக ஒரு வேதாகமம் இருக்கிறது. அது அவருக்குப் புரியும் மொழியில் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து வாசிக்க அவருக்கு நேரமும் வெளிச்சமும் இருக்கின்றன. திருச்சபையின் முதல் 1500 ஆண்டுகளில் வாழ்ந்த சாதாரண விசுவாசிகளில் மிகப் பெரும்பாலோருக்கு இவையெல்லாம் சேர்ந்து வாய்க்கவில்லை. ஆனாலும் அவர்களுக்கு வேதம் தெரிந்திருந்தது. காதால் தெரிந்திருந்தது.

இந்த வரலாற்றைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பது இரண்டாம்தர வழி என்ற எண்ணம் தவறு. வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் போனால் போகிறதென்று விட்டுவைத்த மாற்று ஏற்பாடு அல்ல அது. வேத எழுத்துகளில் பெரும்பகுதி கேட்பவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. அதே சமயம், கேட்பவருக்கு ஒரு பெரிய பலவீனமும் உண்டு. எதைக் கேட்க வேண்டும் என்பதை இன்னொருவர் முடிவு செய்கிறார். வாசிக்கக் கற்றுக்கொள்ள மக்கள் ஏன் அத்தனை பாடுபட்டார்கள் என்பது இந்த இடத்தில்தான் விளங்கும்.

ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்க

கிறிஸ்தவத்துக்கு முன்பே யூதர்களிடம் இந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது. நெகேமியா எட்டாம் அதிகாரத்தில், எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்னால் உள்ள வீதியில் எஸ்றா மரத்தால் செய்த மேடையில் நின்று, காலை தொடங்கி நண்பகல்வரை நியாயப்பிரமாண புஸ்தகத்தை வாசிக்கிறார். புருஷரும் ஸ்திரீகளும் நின்று கேட்கிறார்கள். லேவியர்கள் கூட்டத்துக்குப் பொருள் விளங்கும்படி சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்டவர்கள் அழுதார்கள் என்கிறது வேதம். லூக்கா நான்காம் அதிகாரத்தில் இயேசு நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் புஸ்தகத்தை வாங்கி வாசிக்கிறார், சுருட்டிப் பணிவிடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். புஸ்தகம் ஆலயத்தினுடையது. வாசிப்பு எல்லோருக்குமானது.

இயேசு பேசும் விதத்தையே கவனித்துப் பாருங்கள். பரிசேயர், வேதபாரகர் போன்ற படித்தவர்களிடம் வாதாடும்போது அவர், “நீங்கள் வாசிக்கவில்லையா?” என்று கேட்கிறார். மத்தேயுவில் மட்டும் இந்தக் கேள்வி பல இடங்களில் வருகிறது. மலைப்பிரசங்கத்தில் திரளான ஜனங்களும் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் அப்படிச் சொல்வதில்லை. “கொலை செய்யாதிருப்பாயாக” என்ற கட்டளையை நினைவூட்டி, “கேள்விப்பட்டிருக்கிறீர்கள்” என்கிறார். எதிரே இருப்பவர்களுக்கு வேதம் எந்த வழியாக வந்தது என்பதை அறிந்து பேசியவர் அவர். கேள்விப்பட்டவர்களை அவர் குறைவாக நடத்தவும் இல்லை. மிகக் கடினமான போதனைகளை அவர்களிடம்தான் சொன்னார்.

பவுலின் நிருபங்களும் இப்படியே பயணப்பட்டன. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முடிவில், இந்த நிருபம் சகோதரர் யாவருக்கும் வாசிக்கப்பட வேண்டும் என்று கர்த்தர்பேரில் ஆணையிட்டுச் சொல்கிறார். கொலோசெயர் நிருபம் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கப்பட வேண்டும் என்கிறார். ஒரே ஒரு பிரதி கையிலிருந்தால் போதும், ஒரு சபை முழுவதும் கேட்டுவிடலாம்.

ஏன் இப்படி? அந்தக் காலத்து ரோமப் பேரரசில் எழுத்தறிவு பெற்றவர்கள் பத்தில் ஒருவர் அளவே இருந்திருப்பார்கள் என்பது பல வரலாற்றாய்வாளர்கள் ஏற்கும் மதிப்பீடு. ஒவ்வொரு பிரதியையும் ஒருவர் உட்கார்ந்து கையால் எழுதியாக வேண்டும். நான்காம் நூற்றாண்டின் சினாய் கையெழுத்துப் பிரதி போன்ற ஒரு முழு வேதாகமத்துக்கு நூற்றுக்கணக்கான விலங்குகளின் தோல் தேவைப்பட்டது. அத்துடன், அன்றைய கிரேக்கப் பிரதிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எழுத்துகள் ஒரே சங்கிலியாக ஓடும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கேள்வியின் தொனி வர வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே பழகிக்கொண்டுதான் ஒருவர் சபையில் வாசிக்க முடியும்.

அதனால் வாசிப்பவர் என்பது ஒரு பொறுப்பாகவே வளர்ந்தது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமிலிருந்து எழுதிய மறைசாட்சி ஜஸ்டின், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் அனுமதிக்கும்வரை வாசிக்கப்பட்டன என்றும், வாசிப்பவர் முடித்த பிறகு தலைமை தாங்குபவர் புத்தி சொன்னார் என்றும் விவரிக்கிறார். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான், துன்புறுத்தலில் விசுவாசத்தை விட்டுக்கொடுக்காத இரண்டு இளைஞர்களை வாசகர்களாக நியமித்தார். ஆண்டவரை அறிக்கையிட்ட வாயே அவருடைய நற்செய்தியை வாசிக்கட்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

கி.பி. 303இல் வேதப் புத்தகங்களைப் பறிமுதல் செய்ய அரசு உத்தரவிட்டபோது, வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் அதிகாரிகள் செய்த சோதனையின் பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. சபை கூடும் வீட்டில் ஒரே ஒரு பெரிய புத்தகம்தான் அகப்பட்டது. மற்றவை எங்கே என்று கேட்டபோது, வாசகர்களிடம் இருப்பதாகப் பதில் வந்தது. பிறகு அதிகாரிகள் வாசகர்களின் வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களை வாங்குகிறார்கள். ஒரு நகரத்துச் சபையின் வேதம் அத்தனையும் சில வீடுகளுக்குள் இருந்தது. மற்ற எல்லோரிடமும் இருந்தது ஞாபகம் மட்டுமே.

ஞாபகம் என்ற நூலகம்

அந்த ஞாபகம் எத்தனை ஆழமானது என்பதை நாம் எளிதில் நம்பமாட்டோம். வரலாற்றாசிரியர் யூசீபியஸ் தன் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறார். பாலஸ்தீனத்தில் துன்புறுத்தல் நடந்த நாட்களில் யோவான் என்ற எகிப்தியர் ஒருவர் இருந்தார். ஒரு கூட்டத்தின் நடுவே நின்று அவர் வேதப்பகுதி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மட்டும் கேட்கும் தூரத்தில் இருந்த யூசீபியஸ், யாரோ புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார் என்றே நினைத்தார். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. எல்லோரும் சுற்றி நிற்க, அந்த மனிதர் பார்வையில்லாத கண்களோடு மனத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நியாயப்பிரமாணம், தீர்க்கதரிசிகள், சுவிசேஷங்கள் என்று வேண்டும்போது வேண்டிய பகுதியை அவரால் எடுத்துச் சொல்ல முடிந்ததாம். அவரும் பின்னர் மறைசாட்சியாகக் கொல்லப்பட்டார். அதே நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த திதிமு, நான்கு வயதிலேயே பார்வையை இழந்தவர். பிறர் வாசிக்கக் கேட்டே வேதத்தைக் கற்று, தம் காலத்தின் தலைசிறந்த வேத விரிவுரையாளர்களில் ஒருவரானார். வேதத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அவரிடம் பாடம் கேட்டவர்.

இவர்கள் அபூர்வமானவர்கள் என்று சொல்லிவிடலாம். அப்படியானால் சாதாரண மக்களைப் பற்றிய ஒரு சம்பவம். சுமார் 403ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. இன்றைய லிபியாவின் திரிப்பொலி இருக்கும் இடத்தில் அன்று ஒயேயா என்ற நகரம் இருந்தது. அங்கிருந்த ஆயர், ஜெரோம் எபிரெயத்திலிருந்து புதிதாக இலத்தீனில் மொழிபெயர்த்த யோனாவின் புத்தகத்தைச் சபையில் வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் கொடுத்த செடியின் பெயர் வந்த இடத்தில் சபையே கொந்தளித்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் சுரைக்கொடி என்று கேட்டுவந்த இடத்தில் இப்போது வேறொரு கொடியின் பெயர் வந்துவிட்டது. பொய்யான வேதத்தை வாசிக்கிறீர்கள் என்று கூச்சல் எழுந்தது. ஆயர் அந்த ஊர் யூதர்களிடம் போய் விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. கடைசியில், சபை மக்கள் தம்மை விட்டுப் போய்விடாமல் இருக்க அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்ளும் நிலைக்கு வந்தார்.

இந்தச் சம்பவத்தை நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பதுண்டு. கூச்சலிட்டவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்களாகவே இருந்திருப்பார்கள். அவர்கள் கையில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரதியும் இல்லை. யோனா வேதாகமத்தின் மிகச் சிறிய புத்தகங்களில் ஒன்று. அதிலும் அது ஒரு செடியின் பெயர். தினமும் வேதம் வாசிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு, ஒரு சொல் மாறினால் அந்த இடத்திலேயே காது உறுத்தும்? கேட்பவர்கள் வெறுமனே வாங்கிக்கொள்கிறவர்கள் என்ற நினைப்பை இந்த ஒரு கடிதமே தகர்த்துவிடுகிறது. வாசிப்பவருக்குப் பின்னால் ஆயிரம் பரிசோதகர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கேட்டதால் மாறிய ஒரு வாழ்க்கையையும் வாசித்ததால் மாறிய ஒரு வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் ஓர் இளைஞர், பெற்றோரை இழந்த சில மாதங்களுக்குப் பின், ஆலயத்துக்குள் நுழைகிறார். அந்த நேரத்தில் நற்செய்தி வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது: உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு, பின்பு என்னைப் பின்பற்றி வா. அது தனக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு அவர் வெளியே போய் அப்படியே செய்தார். அவர்தான் வனத்து அந்தோணியார். அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியு, வாசிக்கப்பட்டதை ஒன்றுவிடாமல் உள்வாங்கியதால் அவருக்கு ஞாபகமே புத்தகங்களின் இடத்தில் இருந்தது என்கிறார்.

386இல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அகுஸ்தீன் மனம் கலங்கி அழுதுகொண்டிருந்தபோது, “எடுத்து வாசி” என்று ஒரு சிறுபிள்ளையின் குரல் கேட்டது. அப்போது அவர் நினைவுக்கு வந்தது அந்தோணியார் கதைதான். அவர் விரைந்து போய்ப் பவுலின் நிருபங்களை எடுத்துத் திறந்து, கண்ணில் பட்ட பகுதியை மௌனமாக வாசித்தார். ரோமர் பதின்மூன்றாம் அதிகாரத்தின் கடைசி வரிகள் அவை. மேலே வாசிக்க அவசியமே இருக்கவில்லை என்கிறார். கேட்ட ஒருவருடைய கதையைக் கேட்ட இன்னொருவர், ஒரு குரலைக் கேட்டு, வாசிக்கிறார். வரலாற்றில் இவை இரண்டும் இப்படித்தான் பின்னிக் கிடக்கின்றன.

மொழி விலகிப்போனபோது

கேட்டல் செழிக்க ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவருக்கு மொழி புரிய வேண்டும். மேற்கு ஐரோப்பாவில் மக்கள் பேசும் மொழிகள் மாறிக்கொண்டே போக, வழிபாட்டு வாசகங்கள் இலத்தீனிலேயே நின்றுவிட்டன. வாசிப்பு தொடர்ந்தது, சாதாரண மனிதருக்கு அது ஒலியாக மட்டும் போய்ச் சேர்ந்தது. அந்த இடைவெளியை நிரப்ப மறையுரை, பாட்டு, நாடகம், ஓவியம் எல்லாம் வந்தன. 600ஆம் ஆண்டு வாக்கில் திருத்தந்தை முதலாம் கிரகோரி மார்சேய் நகர ஆயருக்கு எழுதியபோது, எழுத்தறிந்தவர்களுக்கு நூல் தருவதை எழுத்தறியாதவர்களுக்கு ஓவியம் தருகிறது என்றார். ஓவியங்கள் கதையை நினைவூட்டும் என்பது உண்மைதான். ஆனால் கதையை முன்பே யாராவது வாயால் சொல்லியிருக்க வேண்டும். நிருபங்களின் வாதங்களையோ சங்கீதங்களின் முறையீட்டையோ சுவரில் வரைந்து காட்ட முடியாது.

புரியும் மொழியில் வேதம் கிடைத்த இடங்களில் மக்களின் ஞாபகம் உடனே விழித்துக்கொண்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கி, வேதத்தை மக்கள் மொழியில் பரப்பிய வால்தேன்சியர் இயக்கத்தைப் பற்றி, அவர்களை எதிர்த்து எழுதிய ஒரு திருச்சபை அதிகாரியே வியப்போடு குறித்திருக்கிறார்: யோபுவின் புத்தகத்தைச் சொல்லுக்குச் சொல் ஒப்பித்த எழுத்தறியாத ஒரு குடியானவரைத் தாம் கண்டதாகவும், புதிய ஏற்பாடு முழுவதும் தெரிந்தவர்கள் பலர் இருந்ததாகவும். இங்கிலாந்தில், வேதம் ஆங்கிலத்தில் வேண்டும் என்று வாதாடிய விக்லிஃப் என்ற அறிஞரின் வழிவந்த லொல்லார்டுகள் இரகசியமாகக் கூடியபோது பர்ஃபர்ட் என்ற ஊரில் ஆலிஸ் காலின்ஸ் என்ற பெண்ணை அழைத்துவருவார்களாம். நல்ல ஞாபகசக்தி உள்ளவர். பத்துக் கட்டளைகளையும் பேதுரு, யாக்கோபு நிருபங்களையும் அவர் மனத்திலிருந்து சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். கையெழுத்துப் பிரதி வைத்திருப்பதே ஆபத்தாக இருந்த நாட்களில், அந்தப் பெண்தான் அவர்களின் வேதாகமம். ஞாபகத்தைச் சோதனையிட எந்த அதிகாரியாலும் முடியாது.

அச்சு வந்த பிறகு

அச்சு இயந்திரம் வந்ததும் எல்லோரும் தனியாக உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு 1522இலும் டிண்டேலின் ஆங்கிலப் புதிய ஏற்பாடு 1526இலும் அச்சேறின. அவற்றை வாங்கியவர்கள் முதலில் செய்தது, வாங்க முடியாதவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டியது.

இங்கிலாந்தின் செம்ஸ்ஃபர்ட் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் மால்டன் தம் இளமைக்கால அனுபவத்தை எழுதிவைத்திருக்கிறார். மன்னர் எட்டாம் ஹென்றி ஆங்கில வேதாகமத்தை ஆலயங்களில் அனுமதித்திருந்த காலம். அந்த ஊரில் ஏழைகள் சிலர் சேர்ந்து புதிய ஏற்பாடு ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தின் பின்பகுதியில் உட்கார்ந்து வாசிப்பார்கள். அதைக் கேட்க ஒரு கூட்டம் மொய்க்கும். இளைஞன் மால்டனும் அதில் போய் உட்காருவான். தந்தை பார்த்துவிட்டு அவனை எழுப்பிக்கொண்டு போய், தம்மோடு இலத்தீன் ஜெபங்களைச் சொல்ல வைப்பார். பலமுறை இப்படி நடந்தது. நிம்மதியாகக் கேட்க முடியாது என்று தெரிந்ததும், தானே வாசிக்கக் கற்றுக்கொள்வது என்று அவன் முடிவு செய்தான். ஜெபப் புத்தகம் ஒன்றை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு தந்தையிடம் தொழில் பழகிய இன்னொரு பையனும் அவனும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு புதிய ஏற்பாட்டை வாங்கி, படுக்கையின் வைக்கோலுக்குள் ஒளித்துவைத்து, நேரம் வாய்க்கும்போதெல்லாம் வாசித்தார்கள்.

இந்தப் பையனை வாசிப்புக்கு இழுத்துவந்தது கேட்டல். ஆசை காதில் பிறந்தது. அதை ஒருவர் தடுத்தபோது கண் உதவிக்கு வந்தது. தனி வாசிப்பின் பிறப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

அதிகாரத்தில் இருந்தவர்களுக்கும் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்திருந்தது. 1543இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பெண்கள், கைவினைஞர், தொழில் பழகுபவர்கள், வேலைக்காரர், உழவர், கூலிகள் ஆகியோர் ஆங்கில வேதாகமத்தை வாசிக்கக் கூடாது என்று தடுத்தது. பிரபு குலத்துப் பெண்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால் அவர்கள் தாங்கள் மட்டும் தனியாக வாசித்துக்கொள்ளலாமே தவிர, பிறருக்கு வாசித்துக் காட்டக் கூடாது. ஒருவர் வாசித்தால் பத்துப் பேர் கேட்பார்கள் என்ற பயம் அந்த விதிவிலக்கில் அப்படியே தெரிகிறது. நான்கே ஆண்டுகளில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

வேறு இடங்களில் நேர்மாறாக, வாசிப்பையே கடமையாக்கினார்கள். சுவீடனின் 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் எல்லோரும் வாசிக்கக் கற்க வேண்டும் என்று வலியுறுத்தியது. போதகர்கள் குடும்பங்களைச் சோதித்து அதைப் பதிவேட்டில் குறித்தார்கள். எழுதத் தெரியாத, ஆனால் வாசிக்கத் தெரிந்த மக்கள் ஏராளமாக உருவானார்கள்.

இன்னொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை. இன்று நாம் பயன்படுத்தும் புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சாளர் வெளியிட்ட பதிப்பில் வந்தன. எண்கள் தேடுவதற்கு மிக வசதி. ஆனால் கேட்பவருக்கு அவை கிடையாது. ஓடும் பேச்சாகவே அவர் வேதத்தை அறிவார். எண்ணோடு வாசிப்பவர் ஒரு வசனத்தைத் தனியே கழற்றி எடுத்து, அதன் முன்னும் பின்னும் பாராமல் வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறார். வாக்குத்தத்த வசனங்களை மட்டும் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்த எண்கள் இல்லாமல் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

எதைக் கேட்பது என்று தீர்மானிப்பவர் யார்?

கேட்டலின் ஆபத்தை நான் ஒருபோதும் சிறிதாக்கமாட்டேன். 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று வேதப்பகுதிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு புத்தகம் அச்சிட்டார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் வெளியேறிய வரலாறு அதில் விடுபட்டிருந்தது. வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு, விடுபட்டது எது என்று தெரிய வழியே இல்லை.

அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் தம் பாட்டியைப் பற்றிச் சொன்னது இந்த இடத்தில் வர வேண்டும். பாட்டி அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன் அவருக்கு வேதம் வாசித்துக் காட்டுவது வழக்கம். ஏசாயாவையும் சங்கீதங்களையும் சுவிசேஷங்களையும் அவர் ஆசையாகக் கேட்பார். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார்; எப்போதாவது கொரிந்தியர் முதல் நிருபத்தின் அன்பின் அதிகாரத்துக்கு மட்டும் அனுமதி. பல ஆண்டுகள் கழித்துப் பேரன் காரணம் கேட்டபோது பாட்டி சொன்னார்: அடிமை நாட்களில் எஜமானின் போதகர் வந்து, வேலைக்காரரே, உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பவுலின் வார்த்தையையே திரும்பத் திரும்பப் பிரசங்கிப்பார். வாசிக்கக் கற்றுக்கொண்டு விடுதலையும் கிடைத்தால், அந்தப் பகுதியை வாசிப்பதில்லை என்று அவர் கடவுளிடம் பொருத்தனை பண்ணியிருந்தார்.

அவர் கடைசிவரை வாசிக்கக் கற்கவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் திரும்பப் பெற்றுவிட்டார். பவுலைப் பற்றிய அவருடைய முடிவோடு உடன்படாதவர்கள் இருக்கலாம். வேதத்தை ஆயுதமாக்கிக் காதில் அடித்தவர்களிடமிருந்து தப்பிய ஒரு பெண்ணின் முடிவு அது என்பதை மறக்காமல் பேச வேண்டும்.

திருச்சபைகள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழிகளில் ஒன்று வாசக அட்டவணை. எந்த ஞாயிறன்று எந்தப் பகுதி வாசிக்கப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துவைப்பது. இதனால் போதகர் தமக்குப் பிடித்த பகுதிகளையே சுற்றிவர முடியாது. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969இல் மூன்று ஆண்டுச் சுழற்சி ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய ஏற்பாட்டு வாசகம், பதிலுரைத் திருப்பாடல், நிருப வாசகம், நற்செய்தி என்று ஞாயிறுதோறும் மக்கள் கேட்கும் பகுதி வெகுவாகக் கூடியது. பல புராட்டஸ்டன்ட் சபைகள் பின்பற்றும் பொது அட்டவணை அதைத் தழுவி 1992இல் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அட்டவணையும் ஒரு தேர்வு. கத்தோலிக்கரின் அன்றாட ஜெபநூலான திருப்புகழ்மாலை 1970களில் திருத்தப்பட்டபோது, கடுமையான சாப வார்த்தைகள் உள்ள மூன்று சங்கீதங்கள் முழுமையாக விடப்பட்டன. அவற்றைத் தெரிந்துகொள்ள ஒருவர் புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இப்போது

1939இல் ஜாய் ரிடர்ஹாஃப் என்ற மிஷனரி, உடல்நலக் குறைவால் ஹோண்டுராஸிலிருந்து திரும்பிய பிறகு, தாம் விட்டுவந்த மக்களுக்காக லாஸ் ஏஞ்சல்ஸில் நற்செய்தியை ஸ்பானிய மொழியில் இசைத்தட்டாகப் பதிவு செய்தார். அங்கே தொடங்கிய ஒலிப்பதிவுப் பணி இன்று கைப்பேசியில் வந்து நிற்கிறது. எழுத்து வடிவமே இல்லாத மொழி பேசுபவர்களும், பார்வையற்றோரும், வயதானவர்களும், பயணத்தில் இருப்பவர்களும் வேதத்தைக் கேட்கிறார்கள். காது கேளாதவர்களை இந்த வரலாறு நெடுங்காலம் வெளியே நிறுத்தியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கச் சைகை மொழியில் முழு வேதாகமமும் நிறைவுபெற்றது 2020இல்தான்.

ஒலிப்பதிவைக் கேட்பதும் பழைய காலத்துக் கேட்டலும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பவர் தனி வாசகருக்கே நெருக்கமானவர். நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், பிடிக்காததைத் தாண்டலாம். ஒயேயா நகரத்து மக்களால் தாண்ட முடியாது. பிடிக்காத வார்த்தையையும் அண்டை வீட்டாரோடு சேர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாக வேண்டும்.

இந்த வேறுபாட்டை உணர்ந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு பிலேமோன் நிருபத்தைச் சிபாரிசு செய்வேன். 25 வசனங்கள். உரக்க வாசிக்கச் சில நிமிடங்களே ஆகும். முதலில் தனியாக, மௌனமாக வாசியுங்கள். பிலேமோனைப் பிரிந்துபோன அடிமை ஒநேசிமுவுக்காகப் பவுல் அவரிடம் பரிந்து பேசும் தனிப்பட்ட கடிதமாகத் தோன்றும். பிறகு இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்துக் கேளுங்கள். இரண்டாம் வசனத்தில் அந்தக் கடிதம் அப்பியாளுக்கும் அர்க்கிப்புவுக்கும் பிலேமோனின் வீட்டிலே கூடிவருகிற சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருப்பது அப்போது காதில் விழும். பிலேமோன் அந்த வேண்டுகோளைத் தனியறையில் படித்துவிட்டு மடித்துவைத்திருக்க முடியாது. அடிமையை இனி அடிமையாக எண்ணாமல் பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்ற வரி வாசிக்கப்படும்போது சபை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டும் இருந்தது.